ஆரக்காலும் சுழற்சியும்: வட்டத்தில் அடுக்கிய உருவங்களின் வரலாறு

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் இந்தியத் திரைப்பட வரலாற்றோடு பிரிக்கவியலாத இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, பிரபாத் பிலிம் கம்பெனியின் பழைய படப்பிடிப்பு வளாகத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற திரைப்படக் கல்வி நிறுவனம். மற்றொன்று, 1964இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம். முன்னது படமெடுக்கக் கற்பிக்கிறது. பின்னது எடுத்த படத்தைக் காக்கிறது. இவ்விரு பணிகளுக்கும் இடையில் எவர் பொறுப்பிலும் முழுமையாக அடங்காத ஒரு பொருள் இருக்கிறது. அது செய்முறை. ஒரு காட்சி எவ்வாறு உருவாயிற்று, எந்த விதியின்படி அது வளர்ந்தது என்னும் அறிவைக் காப்பது யார் கடமை? இக்கேள்வியை மிக எளிய ஒரு செயலின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம். ஓர் உருவத்தைப் பல படிகளாக்கி ஒரு வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் அடுக்குவதே அச்செயல்.

அசைவு வரைகலை கற்கத் தொடங்கும் மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே இதனைச் செய்து பார்க்கிறார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ஓர் இதழ் வரையப்படுகிறது. அவ்விதழ் சுழற்சி மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வைக்கப்படுகிறது. பின்னர் ரிப்பீட்டர் என்னும் கருவி சேர்க்கப்படுகிறது. படிகளின் எண்ணிக்கை 12 என்றும், ஒவ்வொரு படிக்குமான இடப்பெயர்ச்சி சுழி என்றும், சுழற்சி 30 பாகை என்றும் கொடுத்தால் பன்னிரண்டு இதழ்ப் பூ ஒன்று திரையில் தோன்றிவிடும். 360ஐ 12ஆல் வகுத்தால் 30 என்பது மட்டுமே இதிலுள்ள கணக்கு.

எனினும் இவ்வெளிமைக்குள் இரண்டு முடிவுகள் மறைந்துள்ளன. முதலாவது மையம் பற்றியது. இதழின் நடுவும் சுழற்சியின் நடுவும் ஒன்றாகவே இருந்தால் இதழ் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் குவியும், வட்டம் பிறக்காது. உருவம் மையத்தினின்று விலகி நிற்கும் தொலைவே வட்டத்தின் ஆரமாகிறது. இரண்டாவது எண்ணிக்கை பற்றியது. பன்னிரண்டு இதழ்களுக்கிடையே பதினோர் இடைவெளிகள் எனக் கருதி 360ஐ 11ஆல் வகுப்போர் உண்டு. அவ்வாறு செய்தால் கடைசி இதழ் முதல் இதழின்மீதே சென்று படியும். நேர்கோட்டில் நட்ட கம்பங்களுக்கு இடைவெளி ஒன்று குறையும். வட்டத்தில் நட்டவற்றுக்குக் குறையாது. முடிவு தொடக்கத்தோடு சேர்ந்துவிடுவதே வட்டத்தின் இயல்பு.

'ஆரம்' என்னும் சொல்லே இங்குக் கவனத்திற்குரியது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதத்தில் மையத்திலிருந்து பரிதி வரையுள்ள தொலைவை இச்சொல் குறிக்கிறது. ஆனால் வண்டிச் சக்கரத்தின் குடத்தையும் வட்டையையும் இணைக்கும் கட்டையே இதன் பழைய பொருள். 'ஆரக்கால்' என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. மராத்தியிலும் சக்கரத்தின் கால் 'ஆரா' எனப்படும். ஆயினும் மராத்திப் பள்ளிக் கணிதம் தொலைவைக் குறிக்க 'த்ரிஜ்யா' என்னும் சொல்லைக் கொண்டது. மூன்று இராசிகளின், அதாவது 90 பாகையின், சைன் அளவு என்பது அதன் பொருள். இந்திய வானியல் அட்டவணைகளிலிருந்து வந்த சொல் அது. ஒரே கருத்துக்கு ஒரு மொழி தச்சரின் பட்டறையிலிருந்தும் மற்றொரு மொழி வானியலாரின் ஏட்டிலிருந்தும் பெயர் பெற்றுள்ளன. தமிழ் அணியிலக்கணமும் தச்சரின் சக்கரத்தையே எடுத்துக்கொண்டது. தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளுள் ஒன்றாகச் சக்கரத்தைக் கூறுகிறது. நான்கு, ஆறு, எட்டு ஆரங்களையுடைய சக்கரங்களில் எழுத்துகளை அடைத்துச் செய்யுள் இயற்றும் மரபு உண்டு. ஆரங்கள் யாவும் கூடும் நடுவில் நிற்கும் எழுத்து ஒன்றே பல அடிகளுக்கும் பொதுவாகும்.

அசையும் படத்தின் வரலாறும் ஆரக்காலிலிருந்தே தொடங்குகிறது என்பது வியப்பன்று. 1824இல் பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஒரு காட்சி மயக்கத்தை ஆராய்ந்து இலண்டன் ராயல் சொசைட்டியின்முன் வைத்தார். செங்குத்தான இடுக்குகள் வழியே பார்க்கும்போது உருண்டோடும் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவது ஏன் என்பதே அவரது ஆய்வுப் பொருள். பிற்காலத்தில், 1852இல், ஆங்கிலச் சொற்களைப் பொருள்வழி வகைப்படுத்திய சொற்களஞ்சியத்தை வெளியிட்டவரும் இதே ரோஜே. 1832இல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும், ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்பரும் சுழலும் தட்டுகளை உருவாக்கினர். தட்டின் விளிம்பைச் சுற்றி ஓர் உருவத்தின் அடுத்தடுத்த நிலைகள் சம இடைவெளியில் வரையப்பட்டிருந்தன. இடையிடையே இடுக்குகள் வெட்டப்பட்டிருந்தன. கண்ணாடியின்முன் தட்டைச் சுழற்றி இடுக்குகள் வழியே நோக்கினால் உருவம் அசைந்தது. 1834இல் வில்லியம் ஹார்னர் இதே அமைப்பை உருளை வடிவில் வகுத்தார். பிற்காலத்தில் அது ஜோயட்ரோப் எனப் பெயர் பெற்றது.

இத்தட்டுகளை வரைந்தவர்கள் ஓர் எண் விதியை அறிந்திருந்தனர். இடுக்குகளும் உருவங்களும் எண்ணிக்கையில் சமமாயின் ஒவ்வோர் உருவமும் தன் இடத்திலேயே நின்று அசையும். உருவங்கள் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அவை அசைவதோடு வட்டத்தைச் சுற்றி ஊர்ந்தும் செல்லும். வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுப்பதா பதின்மூன்றாகப் பகுப்பதா என்னும் முடிவு, குதிரை நின்ற இடத்தில் துள்ளுமா, வட்டமிட்டு ஓடுமா என்பதைத் தீர்மானித்தது. ஆகவே அக்காலத்தில் அசைவு என்பது வட்ட அடுக்கின் விளைவு. உருவங்களை முதலில் வட்டத்தில் அடுக்கவேண்டும், அதன்பின்னரே அசைவு.

படச்சுருள் வந்தபின் உருவங்கள் வட்டத்தை விட்டு நீண்ட நாடாவில் வரிசையாயின. வட்டம் மறைந்துவிடவில்லை, அது படமோட்டும் எந்திரத்தின் உள்ளே சென்று ஒளிந்துகொண்டது. மால்டீசுச் சிலுவை எனப்படும் உறுப்பில் ஒரே வடிவிலான நான்கு பிளவுகள் 90 பாகை இடைவெளியில் அமைந்திருக்கும். ஓட்டுச் சக்கரம் ஒரு முறை சுற்றும்போது சிலுவை கால் சுற்று மட்டும் திரும்பும். படச்சுருளில் ஒரு சட்டகம் இறங்கி நிற்கும். ஒலிப்படக் காலத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் என்பது பொது வழக்காயிற்று. தற்செயலான ஒற்றுமையாயினும், 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியின் சக்கரத்திலும் 24 ஆரங்களே உள்ளன. ஒவ்வோர் ஆரத்துக்கும் இடையே 15 பாகை.

இந்தியாவில் அசைவுப் படத்தின் தொடக்கம் தாதாசாகேப் பால்கேயைச் சாரும். 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுப்பதற்கு முன்பே, பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் சட்டகம் சட்டகமாகப் பதிவுசெய்து சுருக்கிக் காட்டியவர் அவர். 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் குறும்படத்தை உருவாக்கினார். தீக்குச்சியைவிடத் தூய்மையான 'மீள் உருவம்' வேறில்லை. எல்லாக் குச்சிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், பார்வையாளரின் கண் குச்சியைக் காணாது அடுக்கின் ஒழுங்கையே காண்கிறது. அப்படத்தின் பிரதி இன்று இல்லை. பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் புனே காப்பகத்தின் பி. கே. நாயர் தேடிச் சேர்த்தவற்றால்தான் 'ராஜா ஹரிச்சந்திரா'வின் எஞ்சிய சுருள்களும் 'காளிய மர்த்தன'மும் (1919) இன்று காணக்கிடைக்கின்றன. தீக்குச்சிப் படம் அப்பேறு பெறவில்லை.

புனேயின் இடம் இவ்வரலாற்றில் மேலும் ஒரு கட்டத்தில் முதன்மை பெறுகிறது. 1929இல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் கம்பெனி 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. அதன் வளாகத்தில் பின்னர் எழுந்த திரைப்பட நிறுவனத்திற்கு, தில்லியில் இயங்கிவந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974இல் மாற்றப்பட்டது. நிறுவனத்தின் பெயரும் 'இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம்' என்றாயிற்று. தூர்தர்ஷன் பணியாளர்கள் பயிற்சிக்காகப் புனே வந்தனர். 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது.

அத்தூர்தர்ஷனின் சின்னமே இந்திய மக்கள் மிகப் பலமுறை கண்ட அசைவு வரைகலை எனலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர் தேவாசிஷ் பட்டாச்சார்யா அதனை வரைந்தார். நடுவே ஒரு வட்டம். அதைச் சுற்றி ஒன்றையொன்று தொடரும் இரண்டு வளைவுகள். இரண்டுக்கும் இடையே 180 பாகை. ஒரே உருவத்தை வட்டத்தில் அடுக்குவதன் மிகச் சிறிய வகை இது. அதனை அசையச் செய்தவர் அந்நிறுவனத்தின் ஆர். எல். மிஸ்திரி. சின்னத்தின் நகல்களைக் காமிராவின்கீழ் வைத்து, சிறிது சிறிதாகச் சுழற்றிப் படமெடுத்து, இறுதியில் அவை கண் வடிவத்தில் ஒடுங்குமாறு செய்தார். மாலை நேரத்தில் பெட்டியின்முன் கூடிய ஒரு தலைமுறைக்கு, இசையோடு சுழன்று வந்து நிலைகொண்ட அவ்வடிவம் நிகழ்ச்சி தொடங்குவதன் அறிகுறி. சுழற்சியின் ஒவ்வொரு படியையும் ஒரு மனிதக் கை அளந்து திருப்பியது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

'மோஷன் கிராஃபிக்ஸ்' என்னும் சொல்லுக்கும் கையால் திருப்பிய வட்டத்தோடு உறவுண்டு. அமெரிக்கரான ஜான் விட்னி, இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்கப் பயன்பட்ட கணிப்பு எந்திரத்தின் உறுப்புகளைக் கொண்டு, சுழலும் மேடைகளோடு கூடிய படமெடுக்கும் கருவி ஒன்றை அமைத்தார். 'வெர்டிகோ' (1958) படத்தின் தலைப்புக் காட்சிக்கு, சால் பாஸின் வடிவமைப்பில், சுருள்களை உருவாக்கித் தந்தவர் அவர். 1960இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மோஷன் கிராஃபிக்ஸ் இன்கார்ப்பரேட்டட். போர்க்கருவியின் பற்சக்கரங்கள் பூ வரையக் கற்றன.

மென்பொருள் வந்தபோது பற்சக்கரமும் எண்ணாகக் கரைந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனத்திடமும், 1994இல் ஆல்டஸ் இணைக்கப்பட்டபோது அடோபி நிறுவனத்திடமும் சென்றது. 2007இல் வெளிவந்த பதிப்பில் ஷேப் லேயர் என்னும் வடிவ அடுக்குகளும் அவற்றோடு ரிப்பீட்டரும் சேர்ந்தன. ரிப்பீட்டரின் உள்ளியல்பு நுட்பமானது. அது பன்னிரண்டு இதழ்களை வரைவதில்லை. ஓர் இதழையும் ஒரு விதியையும் மட்டுமே அது வைத்திருக்கிறது: முந்தைய படிக்குச் செய்ததை அடுத்த படிக்கு மீண்டும் ஒரு முறை செய். அளவை 90 விழுக்காடு எனக் கொடுத்தால் ஒவ்வொரு படியும் முந்தையதில் பத்தில் ஒன்பதாகச் சிறுத்து, வட்டம் சுருளாகும். படிகளின் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் சுழற்சியை 360 வகுத்தல் எண்ணிக்கை எனத் தானே கணக்கிடுமாறு ஒரு தொடர் எழுதிவிட்டால், ஐந்தாயினும் ஐம்பதாயினும் வட்டம் பிளவுபடாது. இங்கே முறை தலைகீழாகிறது. பிளாட்டோவின் தட்டில் வட்ட அடுக்கு அசைவைப் பெற்றது. மென்பொருளில் சுழற்சி என்னும் அசைவே வட்ட அடுக்கைப் பெறுகிறது.

விதியைக் கொண்டு வடிவத்தை விவரிக்கும் இம்முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. தொலைக்காட்சிப் பிரிவு புனேக்கு வந்த அதே 1974இல், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை அணி இலக்கணங்களால் விவரிக்கும் கட்டுரையைக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். மொழியியலில் தொடரமைப்பை விளக்க எழுந்த மாற்றெழுத்து விதிகள், புள்ளிகளும் வளைவுகளும் நிறைந்த இருபரிமாண அணிகளுக்கு விரிக்கப்பட்டன. சில தொடக்க வடிவங்கள், சில விதிகள். அவற்றிலிருந்து எல்லையற்ற கோலங்கள். மறு ஆண்டு, 1975இல், புனேயில் பிறந்து அங்கேயே பொறியியல் பட்டம் பெற்ற அரவிந்த் ஜோஷி, தம் உடனாய்வாளர்களோடு மரச் சேர்ப்பு இலக்கணத்தின் முதல் வடிவத்தை வெளியிட்டார். சிறு மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தொடர்களை ஆக்கும் கோட்பாடு அது. இவ்விரு பணிகளுக்கும் நேரடி உறவு கூறவேண்டியதில்லை. சிறு கூறு, தெளிவான விதி, முடிவற்ற விளைவு என்னும் சிந்தனை அக்காலத்தில் இந்திய ஆய்வாளர் சிலரின் கைகளில் எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு இவை இரு சான்றுகள்.

கட்டப் புள்ளிகளில் இடும் கோலத்திற்குச் சுழற்சியில் ஒரு வரையறை உண்டு. சதுரக் கட்டம் 90 பாகைத் திருப்பத்தையும், முக்கோண இடைப்புள்ளிக் கட்டம் 60 பாகைத் திருப்பத்தையும் ஏற்கும். ஐந்து மடிச் சுழற்சியையோ எட்டு மடிச் சுழற்சியையோ எந்தக் கட்டமும் ஏற்காது. ஆதலால் எட்டிதழ் வேண்டுவோர் கட்டத்தை விட்டு ஆரத்திற்கு வந்தனர். இருதய கமலம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நடுவிலிருந்து எட்டுத் திசைகளில் எட்டு ஆரங்கள். ஒவ்வோர் ஆரத்திலும் ஐந்து புள்ளிகள். அடுத்தடுத்த ஆரங்களில் முறையே 1, 3, 5, 2, 4 என்னும் வரிசையில் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே கோடு செல்லவேண்டும். வரிசை முடிந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து. நாற்பது அடிகளுக்குப்பின் கோடு தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். நாற்பது புள்ளிகளும் ஒவ்வொரு முறை தொடப்பட்டிருக்கும். கை ஒருமுறையும் எடுக்கப்பட்டிராது.

இது கைகூடுவதற்குக் காரணம் எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாமை. ஆரங்கள் பத்தாக இருந்திருந்தால் பத்தாவது அடியிலேயே கோடு தொடக்கத்தை அடைந்து மூடிக்கொள்ளும். எல்லாப் புள்ளிகளையும் தொட ஐந்து தனித்தனிச் சுற்றுகள் வேண்டும். எட்டும் ஐந்தும் என்னும் தேர்வு அழகுணர்ச்சியால் மட்டும் நேர்ந்ததன்று. எண்களின் உறவை உணர்ந்தோர் கண்டறிந்து, வாசலில் தலைமுறை தலைமுறையாகச் சரிபார்த்த விதி அது. ஏட்டில் எழுதாமலே பெண்கள் காத்துவந்த கணக்கு.

இப்போது இதே இருதய கமலத்தை ரிப்பீட்டர் கொண்டு வரையலாம். இரண்டு அண்டை ஆரங்களுக்கிடையே ஐந்து கோட்டுத் துண்டுகளை மட்டும் வரைக: 1இலிருந்து 3, 2இலிருந்து 4, 3இலிருந்து 5, 4இலிருந்து 1, 5இலிருந்து 2. பின் 45 பாகைச் சுழற்சியில் எட்டுப் படிகள் எடுக்க. ஐந்து எட்டு நாற்பது. கிடைக்கும் வடிவம் வாசலில் இட்ட கோலத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்திருக்கும். ஆனால் அது நாற்பது துண்டுகளின் தொகுப்பு, ஒற்றைக் கோடன்று. பத்து ஆரங்களானாலும் மென்பொருள் அதே தயக்கமின்மையோடு வரைந்து தரும்; கோடு ஐந்தாக உடைந்துவிட்டதைத் திரை அறிவிக்காது. உருவம் ஒன்று, செய்முறை இரண்டு. முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவரால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

காப்பகத்தின் கேள்வி இங்குதான் கூர்மை பெறுகிறது. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கில் தீப்பற்றி, இந்தியாவின் தொடக்ககாலத் திரைப்படங்கள் பல எரிந்தன. பிரபாத் படங்களின் மூலச் சுருள்களும் அவற்றுள் அடங்கும். அன்று அழிந்தவை முடிந்த படங்கள். அத்தகைய இழப்பைத் தடுக்கவும் ஈடுசெய்யவும் எண்ணியமாக்கல், மீட்டெடுப்பு எனப் பணிகள் பின்னர் முன்னெடுக்கப்பட்டன. 2022இல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் செய்முறையின் இழப்பு தீயில்லாமலும் நேரும். மிஸ்திரி ஒவ்வொரு முறையும் எத்தனை பாகை திருப்பினார் என்பதை முடிந்த சின்னம் சொல்லாது. இன்றைய அசைவு வரைகலைஞரின் விதிகள் திட்டக் கோப்பில் உள்ளன. வேலை முடிந்து காணொளியாக ஏற்றுமதி செய்யும்போது விதி நீங்கிப் புள்ளிகளின் வண்ணங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. திட்டக் கோப்போ ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருளையும் அதன் பதிப்பையும் சார்ந்தது. படச்சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எவரும் பார்க்கலாம்; திட்டக் கோப்பை அவ்வாறு பார்க்க வழியில்லை.

1974ஆம் ஆண்டுத் தாம்பரக் கட்டுரை இதற்கு ஒரு தீர்வையும் சுட்டுகிறது. அக்கட்டுரையாளர்கள் எழுதிய விதிகளை இயக்க எந்தக் குறிப்பிட்ட எந்திரமும் தேவையில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு மாணவர் தாளும் எழுதுகோலும் கொண்டு அவற்றைப் பின்பற்றலாம். காப்பகங்கள் படத்தோடு விதியையும் எளிய மொழியில் கேட்டுப் பெறுமாயின், எத்தனை படிகள், எம்மையம், என்ன கோணம், எவ்வரிசை என்னும் நான்கு செய்திகளே பல படைப்புகளுக்குப் போதுமானவை. ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு அது.

மகாராட்டிர இல்லங்களில் சித்திரை மாதத்துக்குச் 'சைத்ராங்கண்' என்னும் ரங்கோலி இடப்படுகிறது. தமிழ் இல்லங்களின் பூசையறையில் இருதய கமலம் இடப்படுகிறது. இரண்டும் மறுநாள் துடைக்கப்படும் மாவு. இருந்தும் அவை அழியாமல் வந்தன. ஏனெனில் அங்கே கைமாறியது வடிவமன்று, அதை இடும் முறை. நாள்தோறும் துடைக்கப்பட்ட கோலம் நூற்றாண்டு கடந்தும், பெட்டகத்தில் பூட்டி வைத்த சுருள் ஓர் இரவில் எரிந்தும் போனமை, பாதுகாத்தல் என்னும் சொல்லின் பொருளை மீண்டும் ஆராயவேண்டிய காரணத்தைத் தருகிறது. திரைப்படவியல், மொழியியல், கணிதம் ஆகிய மூன்று துறைகளின் மாணவர்களும் கூடிச் செய்யவேண்டிய வேலை இது.